வியர்க்காமல் நடக்கத் தெரிந்தால் போதும்: ஆர்க்டிக் பனிக்காட்டில் ஸ்னோஷூ நடைக்கு முழு வழிகாட்டி

ஸ்னோஷூவை, அதாவது பனியில் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டத்தை, கட்டிக்கொண்டு பனிக்காட்டுக்குள் நடக்கப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் குளிரை நீ தாங்குவியா?" என்பதுதான். எனக்கும் அதே பயம். அதனால் பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு போய் நின்றேன்: தெர்மல் இரண்டு, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் பறவை இறகு அடைத்த தடிமனான டவுன் ஜாக்கெட். பின்லாந்தின் வடக்கில் சாரிசெல்கா என்ற சின்ன ஊருக்கு வெளியே, மைனஸ் 18 டிகிரி. நடக்க ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, முதுகில் வியர்வை ஓடுகிறது. ஆகா, குளிரே இல்லையே என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு மேட்டில் நின்று பத்து நிமிடம் படம் எடுத்தோம், அவ்வளவுதான், பனியன் ஈரத் துணியாக முதுகில் ஒட்டி, உடம்பு உள்ளிருந்து உதற ஆரம்பித்தது. மீதி இரண்டு மணி நேரமும் எனக்குக் காடு தெரியவில்லை, என் பல் அடித்துக்கொண்ட சத்தம் மட்டும்தான் கேட்டது.

இரண்டாவது முறை அதே இடம், அதைவிடக் கூடுதல் குளிர், பாதி உடுப்பு, ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த இரண்டு நடைக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

எங்கே போவது

ஸ்னோஷூ நடை நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பின்லாந்தின் லாப்லாந்து, அதிலும் சாரிசெல்கா. காரணம் எளிது. நார்வேயின் துரும்சோ பக்கம் மலைகள் செங்குத்தானவை, பனிச்சரிவு ஆபத்தை எப்போதும் மனதில் வைக்க வேண்டும். லாப்லாந்தின் மலைகள் கிழடு தட்டித் தேய்ந்து வழவழவென்று ஆனவை. அடிவாரத்தில் பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள், கொஞ்சம் மேலே குட்டையான பிர்ச், அதற்கும் மேலே மொட்டை உச்சி. இப்படிப்பட்ட மலையை அவர்கள் துந்துரி என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படித்த தூந்திரப் பிரதேசம் இந்தச் சொல்லோடு உறவுள்ளதுதான். உயரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கீலோபா என்ற துந்துரி 546 மீட்டர், நம் ஏற்காட்டில் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தள்ளி இருப்பதால் அந்த உயரத்திலேயே மரம் நின்றுபோய்விடுகிறது.

ஊரை ஒட்டியே உர்ஹோ கெக்கோனன் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1956 முதல் 1982 வரை பின்லாந்தின் அதிபராக இருந்தவர் பெயரை வைத்து 1983-இல் உருவானது, சுமார் 2,550 சதுர கி.மீ. பரப்பு. விடுதி வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காட்டுக்குள் இருப்பீர்கள்.

போய்ச் சேர்வதும் சிரமமில்லை. ஹெல்சின்கியிலிருந்து இவாலோ விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் இரவு ரயிலில் ரோவானியெமி வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்கான காப்பீட்டை எடுக்கும்போது குளிர்கால விளையாட்டும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள், பல மலிவான திட்டங்களில் இருக்காது.

எப்போது போவது

எல்லோரும் டிசம்பரில் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி 10-ஐ ஒட்டி வரை அங்கே சூரியன் எழுவதே இல்லை, அந்தக் காலத்துக்குக் காமோஸ் என்று பெயர். அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம், மதியத்தை ஒட்டிச் சில மணி நேரம் வானமும் பனியும் சேர்ந்து ஊதா நீலமாகக் கிடக்கும், அது ஒரு தனி அழகு. ஆனால் முதல் நடைக்கு அது ஏற்றதில்லை. பனி இன்னும் இறுகியிருக்காது, கீழே இருக்கும் பாறையும் புதரும் காலை வாரும், வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய. பனி அந்தச் சமயத்தில்தான் ஆழமாக இருக்கும், மார்ச் நடுவில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடும், இரவுக்கும் இருட்டு மிச்சம் இருப்பதால் வானம் தெளிந்திருந்தால் துருவ ஒளியும் கிடைக்கலாம். ஏப்ரலில் மதிய வெயிலில் பனி மேலே இளகி, இரவில் உறைந்து ஓடு கட்டிவிடும், அப்போது ஸ்னோஷூ இல்லாமலேயே அதன்மேல் நடக்கலாம் என்கிற அளவுக்குப் போய்விடும்.

குளிரைப் பற்றி: மைனஸ் 10 முதல் 25 வரை சர்வ சாதாரணம். பின்லாந்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1999 ஜனவரி 28 அன்று கித்திலா வட்டாரத்தின் போக்கா கிராமத்தில், மைனஸ் 51.5. அந்த மாதிரி நாள் உங்களுக்கு வாய்க்காது, வாய்த்தால் கைடே நடையை ரத்து செய்துவிடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை. மைனஸ் 20-இல் காற்று நொடிக்கு 5 மீட்டர் அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 30, 10 மீட்டர் அடித்தால் மைனஸ் 34 வாக்கில். இன்னொரு வேடிக்கை, காற்றே இல்லாத தெளிந்த நாளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கி நிற்கும், மேலே ஏற ஏறக் குளிர் குறையும். விடுதி வாசலில் மைனஸ் 27 காட்டிய அன்று துந்துரி உச்சியில் மைனஸ் 16 தான் இருந்தது.

கைடைத் தேர்ந்தெடுப்பது

தனியாகப் போகலாமா என்றால், குறியிட்ட ஸ்னோஷூ பாதைகள் இருக்கின்றன, போகலாம், ஆனால் முதல் முறை வேண்டாம். பனி பெய்ய ஆரம்பித்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, ஏற்றமா இறக்கமா என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கால்தடமும் அரை மணி நேரத்தில் மூடிப்போகும்.

பின்லாந்தில் காட்டு வழிகாட்டி என்பது படித்துத் தேர்வெழுதி வாங்குகிற தொழில் தகுதி, எராஒபாஸ் என்பார்கள். பதிவு செய்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர் (எட்டுக்கு மேல் போனால் நான் யோசிப்பேன்), ஸ்னோஷூவும் கோலும் கட்டணத்தில் அடங்குமா, பூட்ஸ் வாடகைக்கு உண்டா, எத்தனை கி.மீ., எவ்வளவு ஏற்றம், வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா. தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊரில் தினமும் ஐந்து கி.மீ. நடக்கிறேன், நான்கு கி.மீ. எல்லாம் ஒரு தூரமா என்று நானும் நினைத்தேன். ஆழப் பனியில் மணிக்கு இரண்டு கி.மீ. போனாலே நல்ல வேகம்.

சர்க்கரை, ஆஸ்துமா, மூட்டு வலி எது இருந்தாலும் மறைக்காமல் கைடிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும், அதைப் பையில் வைக்காமல் உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில் வைக்க வேண்டும். இன்ஹேலரும் அப்படித்தான்.

உடுப்பு: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல ஒன்று கிடையாது, ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் காயும், காயும்போது உடம்பைக் குளிர வைக்கும். அதே குணம் இங்கே எமன். பருத்திப் பனியன், பருத்தி உள்ளாடை, ஜீன்ஸ் மூன்றையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலும் கீழும். மெரினோ ஈரமானாலும் சூடு கொடுக்கும், நாற்றமும் அடிக்காது, விலைதான் நாறும். அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ், பஞ்சு மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை. அதன்மேல் காற்றையும் பனியையும் தடுக்கிற மேலங்கி, அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்தது கிடைத்தால் விடாதீர்கள். கால்களுக்கு உள் தெர்மலும் காற்று புகாத பேன்ட்டும் போதும். அந்தத் தடிமனான டவுன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, பையில் சுருட்டி வைத்து, நிற்கும்போது மட்டும் எடுத்துப் போட வேண்டும்.

அதாவது கிளம்பும்போது உங்களுக்குக் கொஞ்சம் குளிர வேண்டும். விடுதி வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருக்கிறதென்றால் ஒரு அடுக்கு அதிகம். இரண்டாவது நடையில் எங்கள் கைடு, ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, முதல் பத்தாவது நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தி ஒவ்வொருவர் கழுத்துக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார், தோசைக்கல் சூட்டைப் பார்க்கிற மாதிரி. "ஈரமா? ஒன்றைக் கழற்று." அவ்வளவுதான் பேச்சு. கழற்றக் கூச்சப்பட்டவரை விடவே இல்லை.

கைக்கு மெல்லிய உள் கையுறை, அதன்மேல் விரல் பிரியாத பெரிய கையுறை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் சூடு நிற்கும். தலைக்குக் காது மூடுகிற தொப்பி, கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி, அதில் மூச்சு பட்டுப் பட்டு உறைந்து தகடாகிவிடும் என்பதால் இன்னொன்று பையில்.

பூட்ஸ் வழக்கமான அளவைவிட ஒன்று பெரிதாக இருக்க வேண்டும். கால் குளிரும் என்று இரண்டு தடி சாக்ஸைத் திணித்து இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று அப்போதுதான் விரல் மரத்துப்போகும், நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம் அது. மெல்லியது ஒன்று, கம்பளி ஒன்று, உள்ளே விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். பூட்ஸ் மேல்வாயை மூடுகிற கெய்ட்டர் இருந்தால் உள்ளே பனி போகாது.

முகத்துக்கு என்ன பூசுவது என்று பலரும் கேட்கிறார்கள். தண்ணீர் கலந்த க்ரீம் வேண்டாம், வாசலின் மாதிரி கொழுப்பாக இருப்பது மெல்லியதாக. தேங்காய் எண்ணெயை ஆசையாகக் கொண்டுபோன நண்பர் ஒருவர் இருக்கிறார், அது 24 டிகிரிக்குக் கீழேயே உறைகிற சமாச்சாரம், அங்கே டப்பாவைக் கத்தியால் குடைந்துகொண்டிருந்தார்.

ஸ்னோஷூவைக் கட்டுவது

இது என்ன மாயம் செய்கிறது என்று ஒரு கணக்கு. பையோடு சேர்த்து 75 கிலோ இருப்பவர் ஒற்றைக் காலில் நின்றால், 300 சதுர செ.மீ. அளவுள்ள பூட்ஸ் அடியில் ஒரு சதுர செ.மீட்டருக்குக் கால் கிலோ எடை. ஸ்னோஷூ 63 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்று வைத்தால் பரப்பு நான்கு மடங்கு, எடை அறுபது கிராம் சொச்சம்தான். இடுப்பு வரை புதைகிற பனியில் கணுக்கால் அளவு மட்டும் புதைவீர்கள். மிதந்துகொண்டு போவோம் என்று எதிர்பார்க்காதீர்கள், புதுப் பனியில் ஒரு சாண் இறங்கத்தான் செய்யும். எடை கூடக் கூட நீளமான ஸ்னோஷூ வேண்டும், பையின் எடையையும் சேர்த்துக் கைடிடம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

கட்டும் முறை இதுதான். ஸ்னோஷூவை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் வையுங்கள். இடது வலது பாருங்கள், பொதுவாகப் பக்கிள் வெளிப்பக்கம் வரும். பூட்ஸ் அடியில் ஒட்டியிருக்கும் பனியைத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் அது பத்து நிமிடத்தில் நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். முன்பாதம் சரியாகப் பட்டை பொருத்திய இடம் சுழலும் அச்சின்மேல் வர வேண்டும், விரல் நுனி முன்னால் இருக்கும் துளையைத் தாண்டி இடிக்கக் கூடாது. முன்பட்டையை முதலில், குதிகால் பட்டையைக் கடைசியில் இறுக்குங்கள். முன்பாதம் மட்டும்தான் கட்டுண்டிருக்கும், குதிகால் தூக்க வரும், தூக்கினால் ஸ்னோஷூவின் வால் பனியிலேயே கிடக்கும், அப்படி இருந்தால் சரி. மிச்சப் பட்டையைச் செருகி விடுங்கள், தொங்கினால் மிதித்து விழுவீர்கள். இதை எல்லாம் முந்தின நாள் இரவே அறையில், கையுறையோடு, இரண்டு முறை செய்து பாருங்கள். வெளியில் வெறும் கையால் பக்கிளைத் தொட்டால் இரும்பு சூடு போட்ட மாதிரி சுடும்.

கோலின் உயரம் முழங்கை செங்கோணமாக மடங்கும் அளவு. நுனியில் அகலமான வட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத கோல் ஊசி மாதிரி உள்ளே போய்விடும்.

நடை

காலில் முறத்தைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னால் எப்படி நடப்பீர்கள்? கொஞ்சம் அகட்டி, கொஞ்சம் தூக்கி. அவ்வளவுதான் வித்தை. விழுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் தன் ஸ்னோஷூவைத் தானே மிதித்துத்தான் விழுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் வாத்து நடை, அப்புறம் உடம்பே பழகிவிடும்.

பின்னால் மட்டும் காலை வைக்காதீர்கள், வால் பனியில் குத்தி உங்களை மல்லாக்கத் தள்ளிவிடும். திரும்ப வேண்டுமென்றால் கடிகார முள் நகர்வது போலச் சின்னச் சின்னதாகச் சுற்றித் திரும்புங்கள்.

ஏற்றத்தில் முன்னங்காலைப் பனிக்குள் உதைத்துப் படி செய்து ஏற வேண்டும், அடியில் இருக்கும் இரும்புப் பற்கள் பிடித்துக்கொள்ளும். குதிகாலுக்கு அடியில் மடக்கி வைத்த ஒரு கம்பி பல ஸ்னோஷூக்களில் இருக்கும், செங்குத்தான இடத்தில் அதைக் கோல் நுனியால் தூக்கிவிட்டால் செருப்புக்கு ஹீல்ஸ் வைத்த மாதிரி, கெண்டைக்கால் தப்பிக்கும். இறக்கத்தில் முழங்காலைத் தளர்த்தி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல், பாதம் முழுவதையும் பதித்து வையுங்கள். பயந்து பின்னால் சாய்கிறவர்தான் சறுக்குவார். சரிவுக்குக் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்க விளிம்பைப் பனியில் அழுத்த வேண்டும்.

விழுந்தால் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் கிடங்கள், அடிபடாது. கையை ஊன்றி எழ முயன்றால் கை தோள் வரை புதையும். இரண்டு கோலையும் பெருக்கல் குறி மாதிரி பனிமேல் கிடத்தி, அந்தக் குறுக்கில் கையை ஊன்றி, ஒருக்களித்து முழங்காலுக்கு வந்து எழுங்கள்.

வரிசையில் முன்னால் போகிறவருக்குத்தான் பாதி வேலை, தடத்தை மிதித்துப் போடுவது அவர். கைடே பெரும்பாலும் அதைச் செய்வார், நடுவில் உங்களையும் ஐந்து நிமிடம் விடச் சொல்லிக் கேளுங்கள். யார் காலும் படாத பனியில் முதல் தடம் வைக்கும் சுகம் ஒன்று, நூறு அடியில் மூச்சு வாங்கி அந்த அம்மா எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று புரிவது இன்னொன்று. வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வியர்க்கப் போகிறது என்று அர்த்தம்.

ஒரு முக்கியமான மரியாதை. வழியில் இரண்டு இணைக்கோடு பதித்த பாதை குறுக்கிடும், அது லாத்து, பனிச்சறுக்குக்காரர்களுக்கு இயந்திரம் வைத்துப் போட்டது. அதன்மேல் நடக்கக் கூடாது, குறுக்கே கடக்கலாம், அதுவும் கோட்டைச் சிதைக்காமல். பின்லாந்துக்காரர்கள் எதற்கும் குரல் உயர்த்த மாட்டார்கள், இதற்கு உயர்த்துவார்கள்.

வழியில் பார்ப்பதும் தள்ளி நிற்பதும்

பனி கனத்து மூடிய ஸ்ப்ரூஸ் மரங்கள் மனிதர்கள் போர்வை போர்த்தி நிற்கிற மாதிரி இருக்கும். படம் எடுக்க அடிமரம் வரை போய்விடாதீர்கள், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் பனி சேராமல் குழி இருக்கும், மேலே தெரியாது.

கலைமான்கள் காட்டு விலங்கு மாதிரி திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டு அடையாளம் இருக்கும். குளிர்காலத்தில் பனியைத் தோண்டி அடியில் இருக்கும் பாசி போன்ற லைக்கனைத் தின்றும், மரத்தில் தாடி போலத் தொங்குவதைப் பறித்தும் பிழைக்கின்றன. நீங்கள் படத்துக்காக ஐம்பது மீட்டர் துரத்தினால் அது சேமித்து வைத்த தெம்பு வீண். நின்ற இடத்திலேயே நில்லுங்கள்.

எனக்கு மறக்காதது வேறு. வெறும் வெள்ளை மேடு, ஒரு சத்தமும் இல்லை, என் காலுக்கு இரண்டு முழம் முன்னால் பனி வெடித்து ஒரு வெள்ளைப் பறவை படபடவென்று எழுந்து பறந்தது. நெஞ்சு நின்றேபோய்விட்டது. ரியெக்கோ என்கிற பறவை, பனிக்குள் குழி தோண்டிப் படுத்துக்கொள்ளும், வெளியில் மைனஸ் 25 என்றாலும் குழிக்குள் குளிர் அவ்வளவு ஏறாது. அது நடந்துபோன தடத்தைக் கைடு காட்டினார், கால்விரல் வரை இறகு முளைத்திருப்பதால் தடம் பஞ்சு வைத்து ஒற்றியது போல அகலமாக இருந்தது. அதற்குப் பிறவியிலேயே ஸ்னோஷூ.

உடம்பு சொல்வதைக் கேட்பது

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கு நுனி, கன்னம், காது மடல் இவற்றில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் தோல் உறைய ஆரம்பிக்கிறது என்று எல்லாக் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு தடவிய மாதிரி வெளிறும், இதை உங்கள் ஜோடிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடனே வெறும் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் மூடிச் சூடேற்றுங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிடப் பெரிய தப்பு.

கால் விரல் வலித்தால் பயமில்லை, வலி நின்று மரத்துப்போனால்தான் பயம். அந்த நிமிடமே சொல்லுங்கள். யாராவது உதறிக்கொண்டே பேச்சு குழறினால், தடுமாறினால், கையுறையை எங்கோ போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருந்தால் அவர் உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, காற்று படாத இடம், காய்ந்த உடுப்பு, சூடான இனிப்புப் பானம், கைடு. அவசர எண் 112, எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது.

போன் குளிரில் சட்டென்று அணைந்துபோகும், உள்பாக்கெட்டில் வையுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேலேதான் முதலில் உறையும், மூடிப் பக்கம் தப்பிக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் மூக்குக்குக் கீழே துணியை இறக்கிவிட்டு மூச்சு விடப் பழகுங்கள். சிறுநீர் வந்தால் அடக்காமல் கைடிடம் சொல்லுங்கள், தடத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டாம், ஸ்னோஷூவைக் கழற்றவும் வேண்டாம், கழற்றினால் இடுப்பு வரை இறங்கிவிடுவீர்கள்.

குடிலில்

நடையின் பாதியில், ருமாகுரு பள்ளத்தாக்கில் இருப்பது போல ஒரு மரக் குடில் வரும். பூட்டு கிடையாது. விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். நின்றதும் முதல் வேலை படம் எடுப்பதல்ல, உட்காருவதும் அல்ல. உடம்பு சூடாக இருக்கும்போதே பையிலிருந்து டவுன் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு ஜிப்பை மூடுங்கள். குளிர்ந்த பிறகு போட்டால் அது குளிரைத்தான் பொத்தி வைக்கும்.

கைடு பிர்ச் பட்டையைக் கத்தியால் சுரண்டித் தீ மூட்டுவார், பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரத்திலும் பிடிக்கும். மரக் குவளையில் சூடான பெர்ரி ஜூஸ் வரும். கம்பியில் மக்காரா என்ற சாஸேஜ் வாட்டித் தருவார்கள், சைவர்கள் முன்கூட்டியே சொன்னால் வாட்டித் தின்கிற லெய்பாயூஸ்தோ பாலாடைக்கட்டி கிடைக்கும், கடிக்கும்போது கீச்சென்று சத்தம் போடும். நீங்களாகக் கொண்டுபோனால் பேரீச்சை, முந்திரி, வேர்க்கடலை. கடலை மிட்டாய் கல்லாகிவிடும், பல்லுக்கு நான் பொறுப்பில்லை.

கழிவறை வெளியே தனியாக இருக்கும். மைனஸ் 20-இல் உட்காருவதா என்று நான் தயங்கித்தான் கதவைத் திறந்தேன். இருக்கை தெர்மாகோல்! உட்கார்ந்ததும் கதகதவென்று இருக்கிறது. யார் கண்டுபிடித்தார்களோ, கோடி புண்ணியம்.

கிளம்பும் முன் தரையைப் பெருக்கி, அடுத்து வருபவருக்குக் கொஞ்சம் சிராய் சீவி வைத்து, குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்துவது அங்கே வழக்கம். இரவு தங்குகிற திறந்த குடில்களில் இதைவிட அழகான பழக்கம் ஒன்று உண்டு: கடைசியாக வந்தவருக்குத்தான் இடத்தில் முதல் உரிமை, முன்பே வந்து இளைப்பாறியவர்கள் நகர்ந்து கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும், காட்டில் எல்லோருக்கும் நடக்கும் உரிமை இருந்தாலும் நினைத்த இடத்தில் தீ மூட்டும் உரிமை கிடையாது, பூங்காவுக்குள் அதற்கென்று வைத்த இடத்தில் மூட்டுங்கள்.

மறுபடி நடக்கத் தொடங்கும்போது டவுன் ஜாக்கெட்டைக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டும். இதற்குத்தான் மனசு வராது. கழற்றுங்கள்.

திரும்பி வந்ததும்

கேமராவை அறைக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே போனதும் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் கோர்த்துவிடும், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம். ஸ்னோஷூவைப் பனி தட்டி வெளியில் சாய்த்து வையுங்கள். பூட்ஸின் உள்மெத்தையையும் அடித்தளத்தையும் உருவித் தனித்தனியே காயப் போடுங்கள், பல விடுதிகளில் சூடான காற்று ஓடும் உலர்த்தும் அலமாரி இருக்கும், இல்லாவிட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள்.

அப்புறம் சாவ்னா, உட்கார்ந்து வியர்க்க வைக்கும் பின்லாந்தின் சூட்டறை. கீலோபாவில் புகைச் சாவ்னா ஒன்று இருக்கிறது, புகைபோக்கி இல்லாமல் பல மணி நேரம் விறகெரித்துப் புகையை வெளியேற்றிய பிறகு உள்ளே விடுவார்கள், சுவரெல்லாம் கரி. அங்கிருந்து நீச்சலுடையோடு ஓடிப்போய் ஓடையில் ஐஸை வெட்டித் திறந்து வைத்திருக்கும் இடத்தில் இறங்க வேண்டுமாம். நான் இறங்கினேன், ஏழு வினாடி. இதய நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் வேண்டாம். இறங்குகிறவர்கள் காலுக்குக் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், ஏணிப்படியில் பாதம் ஒட்டாது. பகல் முழுக்க வராத வியர்வையைச் சாவ்னாவில் ஆசை தீர வரவிடலாம்.